வாயில் வார்த்தை போடாத கண்டக்டர்

போன செவ்வாய்க்கிழமை காலை, மயிலாப்பூரில் எங்கள் அச்சாபீஸில் உட்கார்ந்து புரூப் திருத்திக்கொண்டிருந்தேன். காக்கி உடுப்போடு முனுசாமி உள்ளே வந்தார். லஸ் டிராமை ஓட்டுகிற முனுசாமியை இந்தப் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும். வண்டியில் நிற்க வேண்டிய நேரத்தில் அவர் என் மேஜைக்கு முன்னால் நிற்பதைப் பார்த்ததுமே பேனாவைக் கீழே வைத்தேன். “அய்யரே, பாய் பூட்டாரு. மூணு நாளா ஜொரம். காலைல எழுந்து குந்தி, தண்ணி கேட்டாராம், குடிச்சாராம், அவ்ளோதான். சாயங்காலம் அடக்கம்” என்றார். அதற்குப் பிறகும் நான் அரைப் பக்கம் புரூப் பார்த்திருக்கிறேன். ஒரு பிழைகூட என் கண்ணில் படவில்லை என்று மறுநாள் முதலாளி சொல்லித்தான் தெரிந்தது.

கவுஸ் மொகிதீன் என்று முழுப் பெயரைச் சொன்னால் பலர் விழிப்பார்கள். மயிலாப்பூருக்கும் ராயப்பேட்டைக்கும் நடுவே பதினெட்டு வருஷம் டிக்கெட் கிழித்த கவுஸ் பாய் என்றால் ஆளுக்கொரு கதை சொல்வார்கள். இரங்கல் எழுதுகிறவன் கொஞ்சம் தழுதழுக்க வேண்டும் என்பது வழக்கம். எனக்கு அது வரவில்லை. அந்த மனிதரை நினைத்தாலே எழுந்து எங்கேயாவது ஓட வேண்டும்போல் இருக்கிறது, அவர் என்னை அப்படி ஓட விட்டிருக்கிறார். படித்துவிட்டுச் சிரிப்பவர்கள் சிரிக்கலாம், பாய் கோபித்துக்கொள்ள மாட்டார்.

எங்கள் சிநேகம் ஒரே ஒரு சவாரியில் ஆரம்பித்தது. நான் லஸ்ஸில் ஏறி உட்கார்ந்தேன். இறங்கப் போன ஒருவரைப் பார்த்து யாரோ, “லைன்ல கால வெக்காதே, வண்டி வருது” என்று கத்தினார். அடுத்த ஸ்டாப்பில் ஏறிய ஒரு அம்மாள், தன்னைப் போலீஸ் லைனண்டை இறக்கிவிடச் சொன்னாள். எனக்கு எதிரில் இருந்த ஜவுளிக்காரர், “நம்ம லைன்ல இப்ப யாருக்கும் நாணயம் இல்லை” என்று பக்கத்திலிருந்தவரிடம் அலுத்துக்கொண்டார். டிக்கெட் கட்டோடு கம்பியில் சாய்ந்து நின்ற பாய், என் கையில் இருந்த இங்கிலீஷ் புஸ்தகத்தைப் பார்த்துவிட்டுக் குனிந்தார். “அய்யரே, ஒரே வார்த்தை. ஒருத்தருக்கு இரும்பு, ஒருத்தருக்கு வூடு, ஒருத்தருக்குத் தொழிலு. உங்க புஸ்தகத்துல இது எத்தினி?” என்றார். நான் அன்று ஆபீஸுக்குப் போகாமல் கடைசி ஸ்டாப் வரைக்கும் போய், அதே வண்டியில் திரும்பி வந்தேன். அந்த ஒரு சுற்றில் இன்னும் இரண்டு ‘லைன்’ அகப்பட்டன.

அப்புறம் பிடித்தது பைத்தியம். பாய்க்கு இங்கிலீஷ் எழுத்துகூடத் தெரியாது. வீட்டில் உருது, வண்டியில் தமிழ். ஆனால் ‘லைன்’ என்கிற அந்த ஒரு வார்த்தையை அவர் வேட்டையாடியதைப் போல் எந்த காலேஜிலும் யாரும் வேட்டையாடியிருக்க மாட்டார்கள். தியாகராய நகரில் புதிதாக மனை வாங்கிக் குடிபோன ஒரு மாமி இன்னொரு மாமியிடம், “உங்காத்துக்கு லைன் வந்தாச்சா? எங்காத்துல நேத்திக்குத்தான் கொடுத்தா. ராத்திரி முழுக்க விளக்கை அணைக்கவே மனசு வரலை” என்றாளாம். மின்சாரம். ராயப்பேட்டை மார்க்கெட்டில் ஒரு சோடாக்காரர், “நான் லைன் போயிட்டு வந்துடறேன்” என்றாராம். கடை கடையாகப் போகிற சுற்று. எங்கள் அச்சாபீஸ் வாசலில் நின்று, கம்பாசிடர்கள் ஈய எழுத்தைக் கோத்தபடி, இரண்டு வரி சரியாக அமையாததை ‘ரெண்டு லைன் உதைக்குது’ என்று சொன்னதையும் கேட்டுவிட்டார். அதைப் பன்னிரண்டு வருஷமாக நான் தினம் கேட்டிருக்கிறேன், கேட்டதாகவே எனக்குப் பட்டதில்லை.

ஒரு நாள் லஸ் முனையில் ஓடுகிற வண்டியை மணியடித்து நிறுத்தினார். யாரும் இறங்கவில்லை, யாரும் ஏறவில்லை. பாய் மட்டும் குதித்து, நடைபாதையில் பேசிக்கொண்டு போன இரண்டு பேர் பின்னால் ஓடினார். முனுசாமி கைப்பிடியைப் பிடித்தபடி வாயைப் பிளந்தார். ஒரு வக்கீல், கோர்ட்டுக்கு நேரமாயிற்று என்று குதித்தார். இரண்டு நிமிஷத்தில் பாய் மூச்சிரைக்கத் திரும்பி வந்து, “பையன ஒரு லைன்ல வெச்சிட்டா நிம்மதின்றாரு அய்யரே, ஒரு லைன்ல வெக்கிறது” என்று என் தோளைப் பிடித்து உலுக்கினார். அதற்காக அவருக்கு மெமோ கிடைத்தது. மெமோவின் பின்பக்கத்தில்தான் அந்த வாக்கியத்தை எழுதி வைத்துக்கொண்டார்.

வேட்டைக்குச் சட்டம் உண்டு, அவர் போட்ட சட்டம். இங்கிலீஷ் படித்தவர் சொன்னால் சேராது. தன் காதால் கேட்டிருக்க வேண்டும். மூன்று பேர் வாயிலிருந்து, தனித்தனியாக, தானாக வர வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலே, ‘இதை லைன் என்று சொல்வீர்களா’ என்று யாரையும் கேட்கவே கூடாது. “நாம ஒருத்தர் வாயில வார்த்தையப் போட்டுட்டா, திரும்பி வர்றது அவரு வார்த்த இல்ல அய்யரே, நம்மளுதுதான். சும்மா குந்திகினு இருக்கணும். வரும்” என்பார். மூன்றாவது வாய்க்காக அவர் எட்டு மாசம் பொறுத்திருந்த பதிவுகூட உண்டு.

இனி நான் சொல்லப்போவது எனக்குப் பெருமை தருவதல்ல.

நான் பி.ஏ. படித்தவன். பிழை திருத்துவது என் தொழில். ஆனால் நான் கொண்டுபோன ஒவ்வொன்றும், பாய் கேட்டதையெல்லாம் எழுதி வைத்த நோட்டில் முன்பே இருந்தது. அவர் என்னைச் சீண்டுவார். “இன்னா அய்யரே, காதுக்குப் பித்தள மூடி போட்டுகீறீங்களா?” என்று வண்டி முழுக்கக் கேட்கிறாற்போல் ஒரு நாள் கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சுருக்கென்றது. “பாய், நீங்க கேக்காத ஒண்ணு நான் கேட்டுண்டு வந்திருக்கேன்” என்று ஆரம்பித்துவிட்டேன். அடையாறு கடலில் விழுகிற இடத்தில், மழைக்காலம் முடிந்ததும் ஆற்றின் செந்தண்ணீர் ஒரு பக்கமும் கடலின் நீலம் ஒரு பக்கமுமாகப் பிரிந்து நிற்குமே, அந்த விளிம்பை அங்கே மீன் பிடிக்கிறவர்கள் ‘லைன்’ என்கிறார்கள் என்றேன். அத்தனையும் புளுகு. நான் அந்தப் பக்கம் போய் ஒரு வருஷம் ஆகியிருந்தது. பாயின் முகத்தைப் பார்க்க வேண்டுமே. டிக்கெட் கட்டைக் கீழே போட்டுவிட்டார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமையே ராயப்பேட்டையிலிருந்து நடந்து, சாந்தோம் வழியாக முகத்துவாரத்துக்குப் போய்விட்டார். கட்டுமரத்தடியில் வலை பின்னிக்கொண்டிருந்த அந்தோணி என்பவரோடு சிநேகம் பிடித்தார். தண்ணீரைக் காட்டி, “அங்க நெறம் மாறுதே, அது இன்னாபா?” என்று மட்டும் கேட்டார். கலங்கல் என்றார்கள், தெளிவு என்றார்கள். லைன் என்று ஒருவரும் சொல்லவில்லை. மறு ஞாயிறும் போனார். அதற்கு மறு ஞாயிறும். எனக்கு உள்ளே எரிந்தது. “விடுங்கோ பாய், நான் யாரோ ஒருத்தன் சொல்லித்தான் கேட்டேன்” என்று மழுப்பினேன். “நீங்க காதால கேட்டேன்னீங்களே அய்யரே. நீங்க கேட்டா அது இருக்கும்” என்றார். நாலாவது ஞாயிறு, எந்தச் சட்டத்தை அவர் யாருக்காகவும் மீறியதில்லையோ அதை எனக்காக மீறினார். “என் தோஸ்த் ஒருத்தர் இத்த லைனுன்னு சொல்றாங்கன்னாரே, அப்பிடி சொல்றது உண்டா?” என்று அந்தோணியைக் கேட்டுவிட்டார். அந்தோணி சிரித்துவிட்டு, ஆமாம் என்பதுபோல் தலையை ஆட்டினாராம்.

மூன்று வாரம் கழித்து பாய் அச்சாபீஸுக்குள் ஓடி வந்தார். அந்தோணியின் மச்சான் கடலைப் பார்த்து, “இன்னிக்கு லைன் தள்ளி விழுந்துகீது, அங்க மீனு கெடைக்கும்” என்றாராம். மீன் கூடையோடு போன ஒரு அம்மாள் சொன்னாளாம். அவர்கள் யாரையும் பாய் கேட்கவில்லை, தானாக வந்தது. கேட்டதும் தலையாட்டிய அந்தோணியையும் எனக்காகக் கணக்கில் சேர்த்து மூன்று வாய். “நீங்க சொன்னது நெஜம்தான் அய்யரே. நான்தான் உங்களை மனசுக்குள்ள சந்தேகப்பட்டுட்டேன், மாப்பு” என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். ஈயமும் மையும் மணக்கிற அந்த அறையில் அவர் என்னிடம் மன்னிப்புக் கேட்டார். நான் வாங்கிக்கொண்டேன்.

அதே சமயத்தில் மயிலாப்பூர்ப் பெரியவர்கள் சிலர் கூடி, சென்னைப் பேச்சில் புழங்கும் அயல் சொற்களைத் திரட்டிப் புஸ்தகமாகப் போடத் தீர்மானித்தார்கள். ஓய்வுபெற்ற ஜட்ஜ் ஒருவர் அதற்குத் தலைவர். ஊர் சுற்றிச் சொல் கேட்டு எழுத ஒரு ஆள் வேண்டும், மூன்று வருஷ வேலை, மாதச் சம்பளம் என்றார்கள். பாய்க்கென்றே செய்த வேலை. நாளெல்லாம் நின்று நின்று அவர் காலில் நரம்பு சுருட்டிக்கொண்டு, சாயங்காலத்தில் முழங்காலுக்குக் கீழே வீங்கிவிடும். துணியைச் சுற்றிக்கொண்டுதான் வேலைக்குப் போவார். “நின்னு கேக்கறத நடந்து கேக்கலாமே அய்யரே, அதுக்கு சம்பளம் வேற குடுக்கறாங்களே” என்று சிரித்தார். பெரியவர்களுக்குக் காட்ட அவருடைய நோட்டை நான் இங்கிலீஷில் எழுதிக் கொடுத்தேன். அடையாற்றுப் பதிவையும் என் மணிமணியான கையெழுத்தில் நானே எழுதினேன்.

நேர்முகத்துக்குப் போகிற காலை, குளக்கரையில் நடந்துகொண்டிருந்தபோது என்னால் தாங்க முடியவில்லை. “பாய், அந்த அடையாறு சங்கதி நான் கேட்டதில்லை. அன்னிக்கு ரோஷத்துல நானே கட்டினது” என்று சொல்லிவிட்டேன். அவர் நின்றார். “அப்ப அந்தோணி மச்சான் சொன்னது?” என்றார். “நீங்க கேட்டதால அவா வாய்க்குப் போனது” என்றேன். அவர் என்னை அடித்திருந்தால்கூட நான் வாங்கிக்கொண்டிருப்பேன். ஆனால் அவர் முகம் மெதுவாக மலர ஆரம்பித்தது. “அப்ப, ஒரு வார்த்த பொறந்தத நாம ரெண்டு பேரும் கண்ணால பாத்துகீறோம் அய்யரே. யார் வவுத்துல பொறந்தது, எந்தக் கெழமை பொறந்தது, எல்லாம் நமக்குத் தெரியும். இது யாருக்குக் கெடைக்கும்” என்றார். வேகமாக நடக்க ஆரம்பித்துவிட்டார், நான் பின்னால் ஓட வேண்டியிருந்தது.

ஜட்ஜ் வீட்டுக் கூடத்தில் மூன்று பெரியவர்கள். நான் எழுதிய தாள்களைப் புரட்டியபடி ஜட்ஜ், “இந்த ஆறும் கடலும் சேர்ற இடத்துப் பதிவு ரொம்ப அபூர்வம். இதுக்காகவே உம்மை எடுத்துக்கலாம்” என்றார். வேலை பாயின் மடியில் விழுந்துவிட்டது. ஒரு சலாம் போட்டிருந்தால் முடிந்திருக்கும். பாயோ குஷியாக ஒரு அடி முன்னால் வந்து, “அய்யா, அது பொய்யாப் பொறந்து நெஜமா வளந்த வார்த்தை” என்று ஆரம்பித்து, கட்டினதையும், குப்பத்துக்கு எடுத்துப்போனதையும், மூன்று வாரத்தில் அது முளைத்ததையும் கையை ஆட்டிச் சொன்னார். பெரியவர்களின் முகம் இறுகிக்கொண்டே போனதை அவர் கவனிக்கவில்லை. ஜட்ஜ், “கட்டினது யார்?” என்று கேட்டார்.

பாய் ஆட்டிக்கொண்டிருந்த கையை இறக்கினார். “குப்பத்துக்கு அத்த எடுத்துகினு போனவன் நான்தான் அய்யா” என்றார்.

ஜட்ஜ் என் பக்கம் திரும்பினார். “நீர் என்ன சொல்றீர்?”

அந்தப் புஸ்தகம் எங்கள் அச்சாபீஸில் அச்சாவதாக இருந்தது. புளுகன் என்று என் முதலாளிக்கு ஒரு வார்த்தை போனால் என் வேலை போய்விடும் என்று பயந்தேன். “நான் இங்கிலீஷில் எழுதிக் கொடுத்தேன், அவ்வளவுதான்” என்றேன். அவர் சொன்னதிலும் பொய் இல்லை, நான் சொன்னதிலும் பொய் இல்லை. அவர் சொன்னது என்னைக் காப்பாற்றுவதற்காக, நான் சொன்னதும் என்னையே காப்பாற்றிக்கொள்வதற்காக. அவரை அனுப்பிவிட்டார்கள்.

வெளியே வந்ததும் வாசலில் இருந்த காவற்காரர், பாயின் முகத்தைப் பார்த்துவிட்டு, “இன்னா பாய், உனுக்கு லைன் கெடைக்கலியா?” என்றார். பாய் நெற்றியில் கை வைத்தபடி இரண்டடி நடந்தார். பிறகு திடீரென்று திரும்பி, “அய்யரே, பென்சில் குடுங்க. இவருக்கு இங்கிலீஷ் தெரியாது. இது புதுசு, வாய்ப்புன்ற அர்த்தத்துல சொல்றாரு. இன்னும் ரெண்டு வாய் கெடைச்சா போதும்” என்றார். நான் பென்சிலைக் கொடுத்தேன். அவர் எழுதி முடித்து, இரண்டு மணிக்கு ஷிப்டு என்று ஷெட்டுக்குப் போய்விட்டார்.

அந்தத் தொகுப்பு வந்தது. புரூப் நான்தான் பார்த்தேன். ‘லைன்’ என்ற சொல்லுக்கு அதில் மூன்று வரி. பாய் மேலும் ஒன்பது வருஷம் டிராமில் நின்றார். நான் தினமும் அவர் வண்டியில் ஏறினேன். கேட்டது எல்லாம் சொல்வார், சீண்டுவார், இடம் பிடித்து வைப்பார். அந்தக் கூடத்தில் நான் உண்மையைச் சொல்லாமல் நின்றதைப் பற்றி மட்டும் ஒரு நாளும் ஒன்றும் கேட்கவில்லை. பாய் மறந்துவிட்டார் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

செவ்வாய்க்கிழமை அடக்கம் முடிந்து, ராயப்பேட்டை மசூதிக்கு வெளியே டிராம்காரர்கள் கும்பலாக நின்றார்கள். பாயின் மகன் ரஹீம், பெரிய பைண்டிங் கடையில் வேலை பார்க்கிறவர், ஒவ்வொருவரிடமும் கைகொடுத்துக்கொண்டு வந்தார். என் முறை வந்தபோது யாரும் கேட்காமலே என் வாயிலிருந்து வந்துவிட்டது. “தம்பி, உங்க வாப்பாவுக்கு அந்த வேலை போனது என்னால. பொய்யைக் கட்டினவன் நான். அங்க நான் சொல்லியிருக்கணும், சொல்லலை” என்றேன். ரஹீம் முனுசாமியைப் பார்த்தார். முனுசாமி என் பக்கத்தில் வந்து நின்றார்.

“எங்க எல்லாருக்கும் தெரியும் அய்யரே. பாய் அன்னிக்கு மத்தியானமே ஷெட்டுல சொல்லிட்டாரு. ‘யாரும் அவரக் கேக்காதீங்கபா, அவரா சொல்லுவாரு’ன்னாரு. நாங்க கேக்கல” என்றார்.

அந்த ஒன்பது வருஷமும் நான் ஏறிய வண்டியில் ஓட்டினவருக்குத் தெரியும், டிக்கெட் பரிசோதித்தவருக்குத் தெரியும், பாயின் வீட்டாருக்கும் தெரியும். ஒருவராவது என்னை ஒரு பார்வை பார்த்ததில்லை. “வாங்க அய்யரே” என்று நகர்ந்து இடம் கொடுத்தார்கள். ஜட்ஜ் வீட்டுக்கு நேற்று என் பெயர் போட்டு எல்லாவற்றையும் எழுதித் தபாலில் சேர்த்துவிட்டேன். இதை அச்சுக்கோக்கப் போகிற கம்பாசிடர்களும் இப்போது தெரிந்துகொள்வார்கள், என் முதலாளியும் தெரிந்துகொள்வார்.

பாயின் நோட்டு அவர் மகனிடம் இருக்கிறது, அங்கேயே இருக்கட்டும். எனக்கென்று நான் வைத்துக்கொள்வது அவர் காத்திருந்த காத்திருப்பை. ஒன்பது வருஷம் பொறுத்திருந்த மனிதருக்கு நான் அரை நாள் பிந்திப் போனேன்.